வலிக்கு ஒரு தாள்

ஆனைகட்டி தாண்டி, கேரளத்து அட்டப்பாடியில் எங்கள் ஊர். மார்கழிக் குளிர் இறங்கினால் எனக்குக் காலெலும்பு தெறிக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து அதை வாதம் என்றார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். வருசக்கணக்காக விழுங்கினேன். ரத்தம் ஏறவில்லை.

இருபத்திரண்டு வயதில், ஊருக்கு வந்த முகாமில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சொட்டு விழுந்ததும் குழாயில் இருந்த கரைசல் கலங்கிவிட்டது. உறுதிப்படுத்த கையில் ரத்தம் எடுத்து, அதில் எந்த வகை ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. அரிவாள் செல் நோய்: சிவப்பணு அரிவாள் போல வளைந்து, ரத்தக் குழாயை அடைத்து வலியைக் கொண்டுவரும். அப்பா, அம்மா இருவரும் நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள். "என்னாலதானா கண்ணு?" என்று அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. யார் குற்றமும் இல்லை. இப்படி இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அண்ணன் தப்பித்தான்.

மற்றவர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். என்னுடையது 10, 20 நாளில் உடைந்துவிடும். அதனால்தான் ஹீமோகுளோபின் எப்போதும் 8. இரும்பு போட்டுத் தீருகிற குறை இல்லை இது. இப்போது தினமும் வலி அடிக்கடி வராமல் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து, கூடவே ஃபோலிக் அமிலம். அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே ஹைட்ராக்ஸியூரியா பற்றி டாக்டரிடம் பேசியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நோய் தெரிந்த பிறகும் ஒரு ராத்திரி பட்டதை மறக்க முடியாது. ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவில் நாலு மணி நேரம் பெஞ்சில் கிடந்தேன். காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, நான் கத்தவும் இல்லை. "வலி ஊசிக்கு அடிமையா பழகிட்டீங்களா?" என்றார் டியூட்டி டாக்டர். பத்து வருசமாக வலியோடு இருப்பவள் கத்த மாட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். அதை எப்படி நிரூபிப்பது? அம்மா வெந்நீர்ப் பையைக் காலில் வைத்தபடி, கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள்.

அடுத்த முறை என் டாக்டரிடம் இதைச் சொன்னேன். ஒரு பக்கத்தில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்: நோயின் பெயர், என் வழக்கமான ஹீமோகுளோபின், எந்த வலிமருந்து எவ்வளவு, ஆக்சிஜன் எப்போது, எந்த எண்ணில் அவரை அழைப்பது. போன தை மாதம் வலி வந்தபோது நீட்டினேன். நர்ஸ் சேச்சி படித்தார். "கொறச்சு வெள்ளம் குடிக்கு மோளே" என்று தம்ளரைக் கையில் கொடுத்தார். அரைமணிக்குள் ஊசி போட்டுவிட்டார்கள்.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இந்த நோய் இருந்தால், வலி இல்லாத நாளிலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது, சான்றிதழுக்கு அவை உதவும்.

என் தாளின் நகல் அண்ணன் போனில் ஒன்று, அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று.