வெளுக்காத குப்பி

இரவு இரண்டரை மணி இருக்கும். கோதாவரி முகத்துவாரத்துக்கு வெளியே, சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், கடலடிச் சேற்றைத் தூணாக எடுக்க இறக்கிய கோர் குழாய் அப்போதுதான் மேலே வந்திருந்தது. உள்ளே ஐந்து மீட்டர் சேறு. கப்பல் தளத்தில் கிடத்தி மீட்டர் மீட்டராக அறுத்தோம். மேல் துண்டு பச்சை கலந்த சாம்பல் நிறம், கீழே போகப் போகக் கருமை. நான்காவது துண்டில் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கம்பிவடம் சுற்றும் வின்ச்சை இயக்கிய தூத்துக்குடி அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "என்ன தம்பி, அடியில ஏதும் செத்துக் கெடக்கா?" என்றார்.

சரியான கேள்வி. செத்தவைதான் அங்கே கிடக்கின்றன. ஆறு கொண்டுவந்த மக்கிய தாவரக் கழிவும், கடலின் மிதவை உயிரிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த சேறு அது. ஆக்சிஜன் மேல்பரப்பிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு பாக்டீரியாக்கள், கடல்நீரில் கரைந்திருக்கும் கந்தகச் சேர்மமான சல்ஃபேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. அதுவும் தீர்ந்த ஆழத்தில்தான் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு குலத்து நுண்ணுயிர்கள்) தலையெடுக்கும்.

என் வேலை சேற்றின் இடைவெளி நீரை எடுப்பது. நுண்துளைக் குழாயைச் செருகி, சிரிஞ்சை இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீர் சொட்டுச் சொட்டாக வரும். அதில் கொஞ்சம் அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டால், சல்ஃபேட் இருக்கும் நீர் பாலாய் வெளுக்கும். முதல் குப்பி கெட்டிப் பால். இரண்டாவது துண்டின் நீர் தண்ணீர் கலந்த பால். மூன்றாவதில் லேசான கலங்கல். நான்காவது துண்டின் நடுவிலிருந்து எடுத்த குப்பி மட்டும் கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. ஆய்வறிக்கைகளில் எத்தனையோ முறை பார்த்த, சல்ஃபேட் தீரும் எல்லைக் கோடு, என் விரல் நுனியில் இருந்தது.

அதற்கும் கீழிருந்த சேறு புளித்த மாவு போல உப்பி வெடிப்பு விட்டிருந்தது. ஆழ்கடல் அழுத்தத்தில் கரைந்திருந்த மீத்தேன், மேலே வந்ததும் குமிழியாக வெளியேறிய தடம் அது. இதே படுகையில் 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் துளையிட்டபோது, ஓர் இடத்தில் ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனுக்கு மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேன் சிறைப்பட்ட பனிக்கட்டி போன்ற பொருள்) கிடைத்தது.

மேலேறும் மீத்தேனும் கீழிறங்கும் சல்ஃபேட்டும் சந்திக்கும் அந்த மெல்லிய அடுக்கில், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. 1970-களிலேயே வேதியியலாளர்கள் இதை வரைபடக் கோடுகளிலிருந்து ஊகித்துவிட்டார்கள். செய்வது யார் என்பதுதான் பிடிபடவில்லை. 2000-இல் ஜெர்மானியக் கடல் நுண்ணுயிரியலாளர் ஆன்ட்யே போயெட்டியஸ் குழுவினர் அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பாலிருந்து எடுத்த சேற்றில் அவர்களைக் கண்டார்கள்: நடுவில் ஆர்க்கியா உருண்டை, சுற்றிலும் சல்ஃபேட் பாக்டீரியா உறை. இந்த வேலையில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். அதையும் இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருமுறை பெருகவே மாதங்கள் ஆகும். உலகக் கடல்களின் அடிச்சேற்றில் மேலேறும் மீத்தேனில் பெரும்பங்கை நீரை எட்டவிடாமல் தடுப்பவர்கள் இவர்கள்தான். எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

அண்ணன் முகம் சுளித்த நாற்றமும் இவர்கள் விட்டதுதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதில் ஒரு பகுதி இரும்போடு சேர்ந்து சேற்றைக் கருப்பாக்கி, பின் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமாக உறைகிறது. மீதி மேலே ஏறி, திரும்பவும் சல்ஃபேட்டாகிறது.

விடிந்ததும் சில மைல் தள்ளி அடுத்த கோர் எடுத்தோம். ஐந்தாவது மீட்டரின் நீர்கூடப் பாலாய் வெளுத்தது. அங்கே சல்ஃபேட் தீரும் அந்த எல்லை எங்கள் குழாய்க்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது.