வசாபி தேடும் நாட்கள்

3.2.2025, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு வாசமே தெரியாமல் போய்விட்டது, பயிற்சிக்காக நான்கு புட்டிகளை முகரக் கொடுக்கிறேன். கிராம்பு, யூகலிப்டஸ், எலுமிச்சை, ரோஜா. காலையிலும் வாசம் இல்லை, ராத்திரியும் இல்லை. யூகலிப்டஸ் புட்டிக்கு மட்டும் மூக்குக்குள் ஜில்லென்று ஏதோ போகிறதாம்.

சாப்பிடும்போது ஃப்ரிட்ஜ் கதவில் கிடந்த வசாபி டியூபை, ஜப்பான்காரர்களின் பச்சைக் கார விழுதை, அவராகவே எடுத்துச் சோற்றில் கொஞ்சம் பிதுக்கி வைத்துக்கொண்டார். மூக்கு சிவந்தது, கண்ணில் தண்ணீர். ஓடிப்போய் எதிரே உட்கார்ந்தேன். "வாசம் வருதாங்க?"

"எரியுது. அவ்வளவுதான்."

5.2.2025, புதன்

டாக்டர் தாளில் வரைந்து கொடுத்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாசத்துக்கு ஒரு நரம்பு. எரிச்சல், குளிர்ச்சி, குத்தலுக்கெல்லாம் முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு. இவருக்குப் படுத்துவிட்டது முதலாவது. இரண்டாவது ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால்தான் மிளகாய் எரிகிறது, புதினா குளிர்கிறது, டியூப் வசாபி உச்சந்தலைக்கு ஏறுகிறது.

டியூபின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஜப்பானில் ஹமாமட்சுவில் இருந்தபோது கற்ற எழுத்து இவருக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் ஹார்ஸ்ராடிஷ். அது ஐரோப்பிய வேர், நிறம் வெள்ளை. அப்புறம் மாவுச்சத்து, எண்ணெய், உப்பு, சாயம். நடுவில் எங்கேயோ கொஞ்சம் அசல் வசாபி. ஜப்பானில் உற்பத்தியாளர் சங்கம் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. வசாபிப் பங்கில் அசல் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அட்டையில் 'பயன்படுத்தியது' என்று போடலாம், குறைந்தால் 'சேர்ந்தது' என்றுதான் போட வேண்டும். எங்கள் வீட்டு டியூப் இரண்டாவது ரகம்.

அப்படியானால் இந்த டியூபுக்கு எரிக்கத்தான் தெரியும். வாசம் திரும்பியதா இல்லையா என்பதை இதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? அசலில் எரிச்சலோடு பச்சையாக, லேசாக இனிப்பாக ஒரு மணம் உண்டு. அதை உண்டாக்கும் பொருள்கள் ஹார்ஸ்ராடிஷில் மிகக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் கண்ணை மூடிக்கொண்டு, இது அது என்று சொல்லிவிட்டால்...

அசல் வேண்டும்.

8.2.2025, சனி

கோலாலம்பூர் சென்ட்ரலில் மோனோரயில் பிடித்து புக்கிட் பிந்தாங் கடைத்தெரு. ஜப்பானியச் சாமான் விற்கும் கடைகளில் குளிர்ப்பெட்டி குளிர்ப்பெட்டியாகப் பார்த்தேன். வேர் வேண்டும், துருவுகிற வேர் என்று கையால் உரசிக் காட்டினேன். ஒரு பிள்ளை ஓடிப்போய் பொடி டப்பாவைக் கொண்டுவந்தது. ஹார்ஸ்ராடிஷ், கடுகு, சாயம் 102, 133. மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. வசாபி ஒரு துளிகூட இல்லை.

அங்கிருந்து மோன் கியாரா. ஜப்பானியக் குடும்பங்கள் இருக்கிற இடம், கட்டாயம் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது, தட்டு காலி. சீனப் புத்தாண்டுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டதாம். ஒரு துண்டு நூறு வெள்ளிக்கு மேல். அந்தக் காலித் தட்டைப் பார்த்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. வருகிறது, இந்த ஊருக்கு வருகிறது.

11.2.2025, செவ்வாய், தைப்பூசம்

பத்துமலைக்குப் போகவில்லை. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு மட்டும். பூக்கடை வாசலில் நின்று இவர் ஒரு பந்து மல்லிகையை இரண்டு கையாலும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம். பூக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்ணுமே இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். முருகா, என்னிடம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

12.2.2025, புதன்

எதிர்வீட்டு அக்கா முருங்கைவேர் கொண்டுவந்தார். "இதைக் கடிச்சுப் பாக்கச் சொல்லுமா, இதுவும் அப்படித்தான் ஏறும்." அவர் சொல்வது சரிதான். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காமல் இதைத்தான் துருவிச் சாப்பிட்டார்கள். ஆனால் வேர்ப்பட்டையில் நஞ்சு உண்டு. உடம்பு தேறாத ஆளுக்குக் கொடுக்க மாட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை, அன்பாகக் கொண்டுவந்தது. வாங்கி வைத்திருக்கிறேன்.

இவர் எடை இன்னும் குறைந்திருக்கிறது. சாப்பாடு அட்டையை மெல்வது போல் இருக்கிறதாம்.

15.2.2025, சனி

இன்று வயிறு எரிகிறது. பெரிய உணவகம், அசல் வசாபி என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், நான் ஃபோனிலும் கேட்டு உறுதி செய்துகொண்டு இவரை அழைத்துப் போனேன். வந்தது உருட்டி வைத்த களிம்பு. பச்சை என்றால் அப்படியொரு பச்சை, ஒரு நார்கூட இல்லாமல் வழவழவென்று. நான் முகர்ந்தேன். கடுகு, அவ்வளவுதான். துருவுவதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், திரும்பி வரவே இல்லை.

வரும் வழியில் இவர், "விடு, எனக்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே" என்றார். அதனால்தான் விட முடியவில்லை. எல்லாம் ஒன்றாகிப்போனவருக்கு முன்னால் போலியைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது.

16.2.2025, ஞாயிறு

தூக்கம் இல்லை. ஜப்பானில் இஸுவுக்குப் போன ஞாபகம்.

ஜோரென் அருவிக்குக் கீழே வசாபிப் பாத்திகள். மலைச்சரிவில் கல்லை அடுக்கி மேலே மணல் பரப்பி, ஊற்றுத் தண்ணீர் மெல்லிய தகடாக எப்போதும் வழிந்துகொண்டே இருக்கும்படி செய்திருப்பார்கள். தண்ணீர் 12, 15 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, வெயில் நேராகப் படக் கூடாது, பறிக்க ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும் என்று அங்கே ஒருவர் சொல்லச் சொல்ல, இவர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இஸு இருக்கும் ஷிசுவோக்கா மாநிலத்தில் 400 வருஷமாகப் பயிரிடுகிறார்கள். உதோகி மலைக் கிராமத்தில் தொடங்கியது, அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகவா இயெயாசு அதை விரும்பிச் சாப்பிட்டாராம். 2018-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அந்தப் பயிர்முறையை உலக வேளாண் மரபுகளில் சேர்த்தபோது, என்னமோ தன் ஊர்க் குளத்தைச் சேர்த்ததைப் போல இவர் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்.

அன்று சாப்பிட்டது சுடுசோறு, அதன்மேல் சீவிய மீன் கருவாடு, அப்போதே துருவிய வசாபி, சோயா. வேறொன்றும் இல்லை. வசாபியைச் சோயாவில் கரைக்காதே, மணம் போய்விடும், சோற்றின் மேலேயே வை என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். மணம் போய்விடும். இந்த வார்த்தையை எத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

கேமரன் மலையில் விளையாதா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். அந்த மலையில் இருக்கும் தானா ராத்தாவிலேயே சராசரி 18 டிகிரி. இங்கே எங்கள் குழாயில் விடியற்காலையில்கூட வெதுவெதுப்பான தண்ணீர். விமானத்தில்தான் வர வேண்டும்.

19.2.2025, புதன்

ஆள் கிடைத்தது! அக்காவின் தங்கை மகன், ஈப்போக்காரத் தம்பி, ஓர் ஓட்டலின் ஜப்பானியச் சமையலறையில் இருக்கிறாராம். டோக்கியோவின் டோயோசு சந்தையிலிருந்து மீன் வரும் பெட்டியோடு வசாபியும் வருமாம். "செஃப்கிட்ட கேட்டுப் பாக்குறேன்க்கா. ஒரு கட்டை தானே, குடுப்பாரு லா." காசு முன்னாலேயே தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

20.2.2025, வியாழன்

ஃபோன் இல்லை.

21.2.2025, வெள்ளி

ஃபோன் இல்லை. ரோஜாவைக் கிராம்பு என்றார், எலுமிச்சையை ரோஜா என்றார். ஊகிக்க வேண்டாம், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் என்ற ஆராய்ச்சியாளர் இந்த நான்கு வாசனைகளையும் 12 வாரம் முகரக் கொடுத்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களில் ஒரு பங்கினருக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. எல்லோருக்கும் இல்லை.

24.2.2025, திங்கள்

வந்துவிட்டது.

ஈரத்தாளில் சுற்றி, என் நடுவிரல் நீளம். வேர் என்று எல்லோரும் சொன்னாலும் இது தண்டுதான். இலை உதிர்ந்த வடுக்கள் முழுக்கச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. தலையில் இலைக்காம்புகளின் மிச்சம், கத்தரிப்பூ நிறத்தில். தம்பி எழுதியே கொடுத்திருக்கிறார்: இலைப்பக்கத்திலிருந்து தொடங்கவும், வேண்டிய அளவு மட்டும் துருவவும், மிச்சத்தை ஈரத்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துத் தாளைத் தினமும் மாற்றவும்.

இஸுவில் வாங்கிய சுறாத்தோல் பலகையை எடுத்தேன். காம்புகளைச் சீவி, கரும்புள்ளிகளைச் சுரண்டி, அழுத்தாமல் வட்டமாக, சந்தனம் இழைப்பதைப் போல. முதலில் ஒன்றுமில்லை. வெட்டிய முகத்தில் பச்சைத் தண்டின் ஈர வாசம் மட்டும். செல் நசுங்கி நொதி கலந்தால்தான் காரம் பிறக்கும். கடுகும் இதே கதைதான், எண்ணெயில் வெடித்துவிட்டால் நொதி செத்துவிடும், பச்சையாக அரைத்துத் தண்ணீர் பட்டால்தான் மூக்கில் ஏறும். பலகையில் நுரைத்தாற்போல வெளிர்பச்சையாகக் கொஞ்சம் திரண்டது. கடைப் பச்சையே இல்லை. குவித்து வைத்து ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். அதன் பிறகு கால் மணி நேரத்துக்குள் மணம் இறங்கத் தொடங்கிவிடும், அதனால் அவரை முதலிலேயே உட்கார வைத்திருந்தேன்.

மூன்று கிண்ணம். ஒன்றில் டியூப், ஒன்றில் அரைத்த பச்சைக் கடுகு, ஒன்றில் இது. மூன்றும் மூக்கைக் குத்தும். பச்சை வாசம் ஒன்றில்தான். சாப்பிட விடவில்லை, நாக்குக்கு நார் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கண்ணை மூடி முகர மட்டும்.

மூன்றையும் முகர்ந்துவிட்டு, "மூணும் குத்துது" என்றார்.

மிச்சத்தைச் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். முழுத் தட்டும் காலி. "எரிச்சல் சட்டுனு வந்து சட்டுனு போயிடுது, இது நல்லாயிருக்கு." சரி, இன்றைக்கு அதுவே போதும் என்று நினைத்துக்கொள்கிறேன். போதவில்லை.

26.2.2025, புதன்

மூன்றும் குத்துகிறதாம்.

28.2.2025, வெள்ளி

கடுகைக் காட்டி இது அசல் என்றார். அதன் பிறகு டியூபை. பேசாமல் பால்கனியில் போய் நின்றுகொண்டார். ஒரு சிறு துண்டுதான் தீர்ந்திருக்கிறது, ஆனால் ஓரம் கருக்கத் தொடங்கிவிட்டது. சுரண்டினேன். தாள் மாற்றினேன்.

2.3.2025, ஞாயிறு

நோன்பு முதல் நாள். சாயங்காலம் ரமலான் பசார் பக்கம் நடந்தோம். கோழி சுடும் புகை நடுவில் திடீரென்று நின்று, "ஏதோ வந்துச்சு" என்றார். வாசமா, எரிச்சலா? தெரியவில்லை என்றார். புகையும் எரிக்கும்தானே. திரும்பிப் போய் மறுபடி நின்றோம். வரவில்லை.

5.3.2025, புதன்

இன்று கிண்ணங்களின் இடத்தை நாணயம் சுண்டிப் போட்டு மாற்றினேன், என் முகத்தைப் படித்துவிடக் கூடாது என்று பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நடுக்கிண்ணத்தில் நின்றார். மறுபடி முகர்ந்தார். "இதுல மட்டும் வெள்ளரிக்காய் நறுக்கினாப்புல ஒண்ணு இருக்கு. குத்தலுக்குப் பின்னாடி." அது அசல். கை நடுங்க இடம் மாற்றினேன். மறுபடி சரியாகக் காட்டினார். மூன்றாம் தடவை தவறிவிட்டது, டியூபைக் காட்டினார். ஆனால் அதற்குள் துருவல் ஆறிப்போயிருந்தது, என் மூக்குக்கே மங்கல்தான். கணக்கில் சேர்க்கலாமா?

வெள்ளரி என்றுதான் சொன்னார், வசாபி என்று சொல்லவில்லை. திரும்பி வரும் வாசம் முதலில் கோணலாகத்தான் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார், காபி ரப்பராக நாறுமாம் சிலருக்கு. ஊகமாகவும் இருக்கலாம், மூன்றில் ஒன்று யாருக்கும் தானாக அமையும். இரண்டு தடவை தொடர்ந்து அமைவதும் நடக்காததில்லை. ஆனால் குத்தலுக்குப் பின்னாடி என்று சொன்னாரே, அதை ஊகித்துச் சொல்ல முடியுமா? இஸு ஞாபகத்தில் சொல்லியிருப்பாரோ? ஞாபகம் என்றால் அருவியைச் சொல்லியிருப்பார், வெள்ளரிக்காயை ஏன் சொல்ல வேண்டும்?

ராத்திரி கிராம்புப் புட்டியை அவராகவே கேட்டு வாங்கினார்.

6.3.2025, வியாழன்

தண்டு கட்டைவிரல் நுனியளவுதான் மிச்சம், இன்னும் ஒரு தடவைக்குக் காணும். அடுத்த மீன்பெட்டி எப்போது என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். இந்தத் தடவை இரண்டு கட்டை.