சந்தையில் சிவப்பைப் பிடித்த கதை

எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் காலையிலேயே சந்தைக்குள் நுழைந்துவிடுவது என் வழக்கம். இந்த முறை நுழைந்ததும் கண்ணில் பட்டது சாயப்பொடிக் கடை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வாயகன்ற தட்டுகளில் கூம்பு கூம்பாகக் குவித்திருந்தார்கள். கடைக்காரரிடம் கேமராவைக் காட்டிச் சைகையால் அனுமதி கேட்டேன். தலையசைத்தார். இருபது படமாவது எடுத்திருப்பேன்.

இரவு அறையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது மனசு கனத்துப் போனது. மஞ்சளும் நீலமும் பரவாயில்லை. சிவப்புக் குவியல் மட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகக் கிடந்தது. பொடியின் நறநறப்பு, சரிவில் விழுந்த நிழல் எதுவுமே இல்லை.

யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. எடுக்கும்போது நான் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது ஒற்றை ஹிஸ்டோகிராம்; இட ஓரம் இருட்டு, வல ஓரம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம். மூன்று நிறங்களையும் சேர்த்துப் போடும் அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் பங்கு அதிகம். சிவப்பு பதிவாகும் எல்லையைத் தாண்டி நிரம்பி வழிந்தாலும் அந்த வரைபடம் சமர்த்தாக நடுவில் நிற்கும். நிரம்பிவிட்ட சிவப்பில் மேடு பள்ளம் பதிவாகாது. பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

மறுநாள் செட்டிங்கில் மூன்று நிற ஹிஸ்டோகிராமை ஆன் செய்துகொண்டு கிளம்பினேன். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 வரை இறக்கியதும் சிவப்புக் கோடு வலது ஓரச் சுவரை விட்டு விலகியது. படம் திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது, ஆனால் பொடி பொடியாகவே இருந்தது. அடுத்த கடையில் வெள்ளை நூல்கண்டுகள். அங்கே கதை தலைகீழ். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கும் என்பதால், பிளஸ் 1 ஏற்றிய பிறகுதான் நூல் வெள்ளையாக வந்தது.

ஃபோகஸ்தான் அதிக நேரம் வாங்கியது. மழமழவென்ற பொடிச் சரிவில் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பும் இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. குவியலில் செருகியிருந்த கரண்டியின் ஓரத்தில் ஒற்றை ஃபோகஸ் புள்ளியை வைத்தேன். டக்கென்று நின்றது.

கண்ணாடி மணிமாலைகளில் வேறு சிக்கல். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/1.8 அளவுக்கு அகலத் திறந்து வைத்து அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 செ.மீ.தான். மூச்சு விடும்போது உடம்பு அசைவதே போதும், ஃபோகஸ் முந்தின மணியிலிருந்து பிந்தின மணிக்குப் போய்விடும். துளையைச் சுருக்கி எஃப்/8-க்குப் போனால் 4 செ.மீ.யைத் தாண்டும். அப்படியே செய்து, வெளிச்சக் குறைவை, படத்தை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 1600 வைத்துச் சரிக்கட்டினேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும். மங்கலான படத்துக்கு அது எவ்வளவோ மேல். அப்புறம் இன்னொன்று: மணியின் மேல் மின்னும் விளக்கின் பிம்பத்தில் ஃபோகஸ் வைத்தால் மணி மங்கிவிடும், ஏனென்றால் பிம்பம் இருப்பது வேறு தூரத்தில். நூல் நுழையும் துளையின் விளிம்பில் வைத்தேன். படத்தைப் பெரிதாக்கியபோது நூலின் பிசிறு கூடத் தெரிந்தது.

நீலத் தார்ப்பாய் போட்ட கடைகளில் எல்லாமே நீலம் பூசிக்கொள்ளும். கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால் பிறகு சரிசெய்யலாம். பாதிப் பொருள் வெயிலிலும் பாதி தார்ப்பாய்க்குக் கீழும் இருந்தால் மட்டும் ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. அந்த இடத்தை விட்டு நகர்வதே நல்லது.

போனில் எடுப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சிவப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள்.

கிளம்பும் நாளன்று சாயப்பொடிக்காரரிடம் போய்ப் புதுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சிவப்புச் சரிவில் ஒரு விரல் தடம் பளிச்சென்று தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், நுனி சிவந்திருந்த தன் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார்.