370 ரேண்ட்

வேலையில்லாதவர்களுக்குக் காசு கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று நேற்று கல்யாண வீட்டில் ஒரு மாமா சொன்னார். மனசு ஆறவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் வேலையில்லாதவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை, 2020 மே மாதம் கொரோனா காலத்தில் 350 ரேண்டாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில்தான் 370 ஆனது. இதை வைத்துக்கொண்டு யாரால் சும்மா உட்கார முடியும்?

டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் சந்தையில் அத்தை காய்கறி விற்கிறார். உதவித்தொகை விழும் வாரத்தில் மதியத்துக்குள் உருளைக்கிழங்கு மூட்டை காலி, வெங்காயமும் காலி. அந்தக் காசில்தான் மறுபடி சரக்கு எடுக்கிறார், மூட்டை இறக்கும் பையனுக்குக் கூலி கொடுக்கிறார். இல்லாதவர் கைக்கு வந்த பணம் வங்கியில் தூங்காது மாமா, அன்றைக்கே கடைக்கு வந்துவிடும்.

2021 ஏப்ரலோடு அந்த உதவித்தொகையை நிறுத்தினார்கள். ஜூலையில் நாட்டில் நடந்த கலவரத்துக்கு அப்புறம் ஆகஸ்டில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் அத்தை அழுகிய தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டியதை நான் பார்த்தேன்.