பல்லாவரம் குப்பைக்குழி டைரி

பிப்ரவரி 3, 2025, திங்கள்

பழைய பங்களா இடிச்சு முடிஞ்சாச்சு. தேக்கு உத்தரம், ஜன்னல், கதவு எல்லாத்தையும் போன வாரமே பழைய மரக்கடைக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு அஸ்திவார ஃபுட்டிங்குக்குத் தோண்ட ஆரம்பிச்சோம். முன்பக்கம் முழுக்க சரளை மண்ணு, பிரச்சினை இல்ல. பின்பக்க மூலையில, அந்தக் காலத்துல சமையல்கட்டு தனியா இருந்த இடத்துல, நாலடி போனதும் மண்ணு திடீர்னு கருப்பாயிடுச்சு. சாம்பல், கரி, மாட்டெலும்பு, நடுநடுவுல கண்ணாடி. ஜேசிபி டிரைவர் பக்கெட்டைத் தூக்கினா ஒரு பாட்டில் கழுத்து தொங்குது. நிறுத்தச் சொல்லிட்டு மேஸ்திரியையும் ரெண்டு பேரையும் மம்முட்டியோட இறக்கினேன்.

குப்பைக்குழிதான், சந்தேகமே இல்ல. இந்த ஏரியா பூராவும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல கன்டோன்மென்ட், அதாவது பட்டாளம் தங்கின இடம், பக்கத்துல பரங்கிமலையில மெட்ராஸ் ஆர்ட்டிலரிங்கற பீரங்கிப் படையோட தலைமையகமே இருந்துச்சு. முனிசிபாலிட்டி லாரியா வந்துச்சு அப்போ, வீட்டுக்குப் பின்னாடி ஒரு குழி, அது ரொம்பினா இன்னொரு குழி.

ஓனருக்கு போன் பண்ணேன். "தங்கம் ஏதாச்சும் இருக்கா?"ன்னாரு. உடைஞ்ச தட்டும் பாட்டிலும்தான் சார்னேன். "அப்ப மூடிட்டு வேலையப் பாருங்க." புதையல் சட்டம்னு ஒண்ணு 1878லயே இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள்ள கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு சொன்னேன். 1878ல பத்து ரூபாய் பெரிய பணம், இன்னிக்கு ஒரு டீக்கே பத்தலையேன்னு சிரிச்சாரு. சிரிச்சாலும் லெட்டர் போட ஒத்துக்கிட்டாரு, வேலையை மட்டும் நிறுத்தக்கூடாதாம். அந்த மூலையைக் கடைசியா வச்சுக்கறதா பேசி முடிச்சோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்னிக்கு பாட்டில் நாள். பாதிக்கு மேல கருங்கண்ணாடி, ஆனா வெளிச்சத்துல பிடிச்சா கரும்பச்சையா தெரியுது, ஒயினோ பீரோ வந்தது. ஒரு அடிப்பாகம் மட்டும் முழுசா கிடைச்சுது, நடுவுல உள்பக்கமா நல்லா குழிஞ்சு ஏறியிருக்கு, அந்தக் குழிவோட உச்சியில சொரசொரன்னு ஒரு வடு. பாட்டிலை ஊதி முடிச்சதும் அடியில ஒரு இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டுதான் வாய்ப்பகுதியை செய்வாங்க, அப்புறம் கம்பியைத் தட்டி உடைச்சு எடுக்கும்போது விழற வடு அது. விரல் விட்டுத் தடவினா இன்னும் கீறுது. இன்னொண்ணுல தோள்பட்டையைச் சுத்தி மெல்லிசா ஒரு அச்சுக்கோடு ஓடுது. 1821ல பிரிஸ்டல்ல ரிக்கெட்ஸ்னு ஒருத்தர் மூணு துண்டு அச்சுக்கு பேட்டன்ட் வாங்கினார், இந்தக் கோடு அந்த மாதிரி அச்சுல வர்றது. அப்ப ரெண்டாவது பாட்டில் 1821க்கு முந்தி இருக்க வாய்ப்பு கம்மி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு முட்டை பாட்டில். அடிப்பாகமே கிடையாது, கூர்மையா முடியுது, நிக்க வைக்க முடியாது. மேஸ்திரி "இது என்ன சார், வெடிகுண்டா?"ன்னு தள்ளி நின்னுட்டாரு. ஹாமில்டன் பாட்டில்ணே, சோடா பாட்டில்தான்னு சொன்னேன். கார்க் காய்ஞ்சா சுருங்கி கேஸ் போயிடும், அதனால படுக்க வச்சே ஆகணும்னு இப்படி செஞ்சிருக்காங்க, தண்ணி எப்பவும் கார்க்கை நனைச்சுக்கிட்டே இருக்கும். இந்தத் தலைவலியை எல்லாம் 1870கள்ல ஹைரம் காட் முடிச்சு வச்சாரு, கார்க்குக்கு பதிலா உள்ள ஒரு கண்ணாடி கோலி, வாயில ஒரு ரப்பர் வளையம், உள்ள இருக்கற கேஸே கோலியை மேல தள்ளி அடைச்சுக்கும். நம்ம கோலி சோடா அதே பாட்டில்தான். இங்கிலாந்துல அது வழக்கொழிஞ்சே போச்சு, நாம இன்னிக்கும் கட்டைவிரலால டொப்புனு அமுக்கிக் குடிச்சிட்டு இருக்கோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

சந்தை நாள். பல்லாவரம் சந்தையில பழைய பாட்டில் விக்கற அண்ணன்கிட்ட போய் ஃபோட்டோ காட்டினேன். அவருக்கு வேண்டியது முழு பாட்டில், அதுலயும் எழுத்து புடைச்சிருந்தா டபுள் ரேட்டு. அப்புறம் பட்டன், நாணயம். "பட்டன் கெடச்சா மொதல்ல எனக்குக் காட்டு தம்பி, மெட்ராஸ் ஆர்மி பட்டனுக்கு வெளியூர்லேருந்து ஆள் வர்றாங்க." உடைஞ்ச பீங்கான் வேணுமாண்ணேன்னு கேட்டேன், கையை உதறினாரு.

அவர் மேல கோபமெல்லாம் இல்ல, அவர் பொழப்பு அது. ஆனா அங்க தரையில பரத்தி வச்சிருக்கற பாட்டில் எல்லாம் எந்தக் குழியில, எதுக்கு மேல, எதுக்குக் கீழ கிடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. துடைச்சுப் பளபளன்னு நிக்குது, அவ்வளவுதான், ஷோகேஸ்ல வைக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோட்டை மியூசியம் போயிட்டு வந்தேன், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கே அது. அந்தக் கட்டடமே 1795ல வியாபாரிங்களுக்காகக் கட்டினது, மியூசியமா ஆனது 1948ல. கார்ன்வாலிஸ் சிலை, மெடல், வாள், யூனிஃபார்ம், பெரிய மனுஷங்களோட பீங்கான் தட்டு, எல்லாம் அழகா இருக்கு. ஆனா பாத்தீங்கன்னா எல்லாமே ஆபீசர் வீட்டு சாமான், பத்திரமா வச்சிருந்து கொடுத்தது. சிப்பாய் எதுல சாப்பிட்டான், எதுல பல் விளக்கினான்னு அங்க ஒண்ணும் தெரியல. அதுக்கு நம்ம குழிதான்.

பல் விளக்கறதுன்னதும் சொல்றேன், நேத்து எலும்பு டூத் பிரஷ் ஒண்ணு கிடைச்சுது. மாட்டெலும்புல கைப்பிடி, தலையில நாலு வரிசை ஓட்டை, பின்பக்கம் நீளமா காடி வெட்டி அதுல கம்பி ஓட்டி பன்றி மயிரைக் கட்டியிருப்பாங்க. மயிரு எல்லாம் மக்கிப்போச்சு, ஓட்டை மட்டும் நிக்குது, ரெண்டு ஓட்டையில இன்னும் பச்சையா களிம்பேறின கம்பித்துணுக்கு. யாரோ ஒருத்தன் வாயில வச்ச சாமான். கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

வேலை முடிஞ்சு சாயங்காலம் உட்கார்ந்து எல்லாத்தையும் கழுவினோம். வில்லோ டிசைன், அதாவது நீலத்துல சீனக் காட்சி அச்சடிச்ச தட்டுச் சில்லு, பூட்ஸுக்குப் போடற கருப்புப் பாலிஷ் வந்த பழுப்பு ஜாடி, இஞ்சி பீர் ஜாடி வாய். இதையெல்லாம் ஒரு பக்கம் தனியா எடுத்து வச்சேன். சிவப்பு மண்சட்டி ஓடு மட்டும் ரெண்டு பாண்டு நிறைய இருந்துச்சு. ஒரு பையன் அதைத் தூக்கிக் கொட்டப் போனான், நிறுத்திட்டேன்.

சித்தாள் அக்கா ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாங்க. "இது கொழம்பு சட்டி சார், வாய் அகலம் பாருங்க, அடியில பொகை புடிச்சிருக்கு. இது தண்ணிப் பானை கழுத்து, பொகையே இல்ல." அஞ்சு நிமிஷத்துல தனித்தனியா பிரிச்சு வச்சிட்டாங்க. அதுக்குள்ளேருந்தே கண்ணாடி வளையல் துண்டும் வந்துச்சு, பச்சை ஒண்ணு, கருநீலம் ஒண்ணு, சின்ன கை அளவு.

அப்பதான் எனக்கு இந்தக் குழியோட கணக்கே வேற மாதிரி தெரிஞ்சுது. பாக்கற யாரும் வெள்ளைக்காரன் குப்பைன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா கண்ணுக்குப் படறது கண்ணாடியும் பீங்கானும். உடைஞ்சா ஒட்ட முடியாது, தூக்கிப்போட்டுதான் ஆகணும். நம்ம ஆளுங்க வச்சிருந்தது பித்தளைச் சொம்பு, வெண்கலப் பானை, ஓட்டையானா பத்த வச்சு அடைப்பான், ரொம்பத் தேஞ்சா எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குவான், குழிக்கு வரவே வராது. வாழையிலையும் தையல் இலையும் மாடு தின்னுடும், மிச்சம் மக்கிடும். சமையல்காரன், அவன் பொண்டாட்டி, தண்ணி தூக்கறவன், குதிரைக்காரன்னு அந்த காம்பவுண்டுல தொரை குடும்பத்தை விட நம்ம ஆளுங்கதான் அதிகம் இருந்திருப்பாங்க, ஆனா மண்ணுல அவங்க பேர்ல மிஞ்சினது இந்த சட்டி ஓடும் வளையலும்தான். அதையும் கொட்டிட்டா அவங்க இங்க இருந்ததுக்கு அடையாளமே இல்லாம போயிடும். பாட்டிலை விட இந்த ரெண்டு பாண்டுதான் முக்கியம்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன், வெயில் ஜாஸ்தியாயிடுச்சு சார் உங்களுக்குன்னாரு.

பிப்ரவரி 17, திங்கள்

தேதி பாக்கற வேலை. எலெக்ட்ரீஷியன் பெட்டியிலேருந்து டிரில் பிட் கடன் வாங்கினேன். வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் துண்டு கொஞ்சம் கிடைச்சிருக்கு, அதோட துளையில எந்த பிட் சரியா நுழையுதுன்னு பாக்கணும். 1954ல ஹாரிங்டன்னு ஒரு அமெரிக்கர் கண்டுபிடிச்ச வழி, 1600 வாக்குல துளை அங்குலத்துல 64ல 9 பாகம் இருந்துச்சு, 1750க்கு அப்புறம் 64ல 4 பாகமா குறைஞ்சுபோச்சு, குழாய் நீளமாக ஆக உள்ள விடற கம்பியும் மெலிசாச்சு. நம்ம துண்டுல ஒண்ணரை மில்லிமீட்டர் பிட் சரியா நுழையுது, ரெண்டு மில்லிமீட்டர் ஏறல. 1750க்கு அப்புறம்னு மட்டும் சொல்லலாம், 1800க்குப் பிறகு இந்த முறை எடுபடாது.

மத்ததெல்லாம் இன்னும் நெருக்கமா வருது. பட்டன் ஒண்ணு பித்தளை இல்ல, சாம்பல் நிறத்துல பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. பிரிட்டிஷ் பட்டாளத்துல சாதா சிப்பாய்களுக்கு 1855ல பித்தளை பட்டன் வந்துடுச்சு, அதனால இது அதுக்கு முந்தின யூனிஃபார்ம் கோட்டுலேருந்து விழுந்ததா இருக்கணும். ஒரு தட்டோட பின்பக்கம் வைர வடிவ முத்திரை, பிரிட்டிஷ் டிசைன் பதிவு அடையாளம், 1842லேருந்து 1883 வரைக்கும் போட்டது. வருஷத்துக்கு ஒரு எழுத்து, இதுல மேல ஆர், அதாவது டிசைன் பதிவானது 1861. குழியில எல்லாத்துக்கும் அடியில கிடந்தது இந்தத் தட்டுதான், அப்ப குழி நிரம்ப ஆரம்பிச்சதே 1861க்கு அப்புறம். பியூட்டர் பட்டன் பழசு, ஆனா குப்பைக்கு வந்தது லேட்டு. பென்ஷன் வாங்கின ஆள் யாராச்சும் பழைய யூனிஃபார்மை வச்சிருந்து கிழிச்சுப் போட்டிருக்கலாம், யாரு கண்டா. குழியோட வயசைச் சொல்றது அதுல இருக்கற ரொம்பப் புது சாமான்தான், பழசை வச்சு சொன்னா நூறு வருஷம் கூட தள்ளிப் போயிடும். கோலி சோடா துண்டு மேல்மண்ணுல ஜேசிபி கலக்கின இடத்துல வந்ததால அதைக் கணக்குல எடுக்கல.

இதே பல்லாவரத்துலதான் 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட், பட்டாளத்து மைதானம் பக்கத்துல சரளைக்குழியில கற்கால கைக்கோடாரி எடுத்தார், இந்தியாவுல பழைய கற்கால ஆராய்ச்சியே அதுலேருந்துதான் தொடங்குது. நம்ம தட்டு டிசைன் பதிவாகி ரெண்டு வருஷம் கழிச்சு! சும்மா ஒரு சந்தோஷத்துக்கு எழுதி வைக்கறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

லெட்டருக்கு பதில் வரல. பின் மூலையில கான்கிரீட் இன்னிக்குப் போட்டாச்சு, அதுக்கு மேல தள்ள ஓனர் ஒத்துக்கல. அதுக்கு முன்னாடி குழியோட பக்கவாட்டை நேரா வெட்டி, டேப் வச்சு ஃபோட்டோ எடுத்து, எந்த சாமான் எத்தனை அடியில வந்துச்சுன்னு நோட்டுல எழுதிட்டேன். சாமான் எல்லாம் சிமெண்ட் சாக்குல கட்டி ஆழம் எழுதி ஷெட்டுல இருக்கு, சட்டி ஓடு ரெண்டு சாக்கு, வளையல் தனியா ஒரு டப்பா. சந்தை அண்ணன் பட்டனுக்காக போன் பண்ணாரு, தரலைன்னுட்டேன்.

குழி நம்ம எல்லையோட முடியல, பாதி பக்கத்து காம்பவுண்டு சுவருக்கு அடியில போகுது. அந்த வீட்டு ஐயாவும் அடுத்த வருஷம் இடிச்சுக் கட்டப் போறாராம். நம்பர் வாங்கி வச்சிருக்கேன், ஜேசிபி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு.