கொடி நிலத்தில் முட்டக் கூடாது

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படித்த எவருக்கும் அந்த விசில் சத்தம் மறந்திருக்காது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போதே அணிநடைப் பயிற்சி தொடங்கிவிடும். பின்னேர வெயில், புழுதி, சுண்ணாம்புக் கோடு. கொடி பிடிக்கிறவனுக்கு மாஸ்ரர் தனியாகப் பாடம் எடுப்பார். தடியின் அடி இடுப்புப் பட்டியில் இருக்க வேண்டும், வலது கை கண் மட்டத்துக்கு வர வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்று காதால் அறிய வேண்டும். மேடையைக் கடக்கும்போது கொடியைத் தாழ்த்த வேண்டும், ஆனால் நிலத்தில் முட்டக் கூடாது. "முட்டிச்சுதோ, நீ அப்பிடியே கேற்றால வீட்ட போகலாம்."

1983 மாசி மாதம் எங்கள் இல்லக் கொடியைப் பிடித்தவன் நான். முட்டியது. ஒரு அங்குலத் துணிதான், அதுவும் ஒரு நொடிதான். அணிநடையில் எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. இருந்தது நான்கே இல்லங்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கொடியின் மேல் எனக்கு இருந்த பற்றில் பாதிகூட இலங்கை நாட்டின் கொடி மேல் இருந்ததில்லை. சுதந்திர தினமான பெப்ரவரி 4 என்றால் லீவு, அவ்வளவுதான். கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், ஒரு கொடி ஏறும், ஊருக்குள் மின்கம்பங்களில் கறுப்புக் கொடி தொங்கும். அப்பா இரண்டையும் பார்க்காமல் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பார். 1972 மே 22 குடியரசு அரசியலமைப்பு வந்த அன்றும் கறுப்புக் கொடிதான் என்று பெரியவர்கள் பிறகு பேசக் கேட்டிருக்கிறேன். கொடி நாள் என்றால் எங்கோ ஒரு இடத்தில் ஆமி அணிவகுக்கும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்போம். என் மனதில் பதிந்திருந்தது இதுதான்.

1987இல் நோர்வே வந்தேன். இந்த நாட்டுக்கும் எங்களுக்குமான தொடர்பு அதற்கு முந்தியது. 1956இல் இங்கே வந்த அன்ரனி ராஜேந்திரத்தையும், அவர் தொடக்கிய சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனத்தையும், காரைநகர் படகுத் தளத்தையும், குருநகர் வலைத் தொழிற்சாலையையும் நம்மில் பலருக்குத் தெரியும். என்னைப் போன்ற பெடியள் எண்பதுகளில் 'பொல்க்கஹொய்ஸ்கூல' என்ற விடுதிப் பள்ளிகளின் கடிதத்தோடு வந்து, படிப்பு முடிய வடக்கே மீன் தொழிற்சாலைகளுக்குப் போனோம். நான் போய்ச் சேர்ந்தது ஹொன்னிங்ஸ்வோக். நோர்ட்காப் என்ற வடமுனைக்குப் பக்கத்தில், மரமே இல்லாத ஒரு தீவில், துறைமுகத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். அப்போது மூவாயிரம் பேர் வரை இருந்தார்கள். 1996இல் தன்னை நகரம் என்று அறிவித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, ஐயாயிரம் பேர் இருந்தால்தான் நகரம் என்று சட்டம் வந்தது. முந்திக்கொண்டுவிட்டோம் என்று ஊரே சிரித்தது.

நோர்வேயின் தேசிய நாள் மே 17. எனக்கு முதல் மே 17, 1988. காலை ஏழு மணிக்குத் தெருவில் பெரிய மேளச் சத்தம் கேட்டது. தொழிற்சாலை விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவன் படுக்கையிலிருந்து எழும்பாமலே உருண்டு தரைக்கு இறங்கிவிட்டான். நான் திரைச்சீலையை விரலால் விலக்கிப் பார்த்தேன். சீருடை தெரிந்தது, தொப்பி தெரிந்தது. அப்புறம்தான் முகங்களைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். ஒரு பொடியனின் ட்ரோம்போன் அவனைவிட நீளம். மூக்கு ஒழுக ஒழுக ஊதிக்கொண்டு போனான். பின்னால் ஒரு தாய் கையில் கையுறையோடு ஓடினாள். ஆமியும் இல்லை, துவக்கும் இல்லை. பள்ளிக்கூட பாண்ட் ஊரை எழுப்பிக்கொண்டு போகிறது.

அன்றைக்கு நாங்கள் வெளியே போகவில்லை. "ஹுர்ரா" என்று வாய் திறந்து கத்த எனக்கு எட்டு வருடம் எடுத்தது.

கலியாணம் முடிந்து மனைவி வந்த பிறகு, மலைச்சரிவில் ஒரு மரவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாவும் என்னோடு அதே மீன் தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். அடியில் லைற் எரியும் கண்ணாடி மேசையில் கொட் மீன் சதையை விரித்து, முள்ளையும் புழுவையும் கண்டுபிடித்து வெட்டி எடுக்கிற வேலை. நான் ஒரு துண்டு முடிக்கும் நேரத்தில் அவர் மூன்று முடித்துவிட்டு என் துண்டையும் எட்டிப் பார்ப்பார். எங்கள் மகள் அவரை 'பெஸ்தமூர்' என்று கூப்பிடுவாள். அம்மம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளடைவில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அவருடைய முற்றத்தில் ஒரு வெள்ளைக் கொடிக்கம்பம் இருந்தது. இங்கே கொடிக்கு நேரம் உண்டு. கோடை மாதங்களில் காலை எட்டு மணிக்கு ஏற்ற வேண்டும். சூரியன் மறையும்போது இறக்க வேண்டும், எப்படியும் இரவு ஒன்பதைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. ஆகவே ஒன்பதுதான் கணக்கு. பெஸ்தமூர் எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே வானொலியைப் போட்டுவிட்டுக் கயிற்றோடு முற்றத்தில் நிற்பார்.

1995 ஒக்ரோபர் கடைசி. பிபிசி தமிழோசையில் செய்தி வந்தது. ஆமி நெருங்க, ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் மழைக்குள் எழும்பி நடந்து, நாவற்குழிப் பாலத்தில் நெரிசல்பட்டுத் தென்மராட்சிக்குப் போகிறது. அப்பா, அம்மா, தங்கச்சி எங்கே என்று தெரியாது. ரெலிபோன் கிடையாது. அடுத்த நாள் வேலையில் ஒரு மீனைத் திருப்பித் திருப்பி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பெஸ்தமூர் கத்தியை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோப்பி ஊற்றித் தந்தார். நான் அரைகுறை நோர்வேஜிய மொழியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் கதையை மீன் விலை சொல்வது போலச் சொன்னார்.

1944 ஒக்ரோபர் 28 அன்று ஹிட்லரின் உத்தரவு வந்தது. பின்வாங்கும் ஜெர்மன் படை எங்கள் ஊர் இருக்கும் பின்மார்க் மாகாணம் முழுவதையும் வெறுமையாக்கி எரிக்க வேண்டும், சனத்தைத் தெற்கே அனுப்ப வேண்டும் என்பது அந்த உத்தரவு. அவருக்கு அப்போது எட்டு வயது. மீன்பிடிப் படகில் ஏற்றினார்கள். அவருடைய அம்மா முதல்நாள் இரவு தையல் மெஷினை மெழுகுத்துணியில் சுற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் புதைத்தார். படகிலிருந்து பார்த்தபோது ஊர் எரிந்தது. ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சியது ஒரே ஒரு கட்டடம், 1885இல் கட்டிய தேவாலயம். போர் முடிந்து முதலில் திரும்பி வந்தவர்களுக்கு அதுதான் வீடு. நாங்கள் குடியிருந்த வீடு உட்பட அந்த ஊரில் கண்ணில் படுகிற வீடெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல ஏன் இருக்கின்றன என்று எட்டு வருடமாக யோசித்திருந்தேன். அன்றுதான் விடை கிடைத்தது.

"மெஷின் கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"கிடைத்தது. சக்கரம் இறுகிவிட்டது. அம்மா மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டார்."

1946 மே 17க்கு அந்த மெஷினில் தைத்த கொடி அவருடைய மேசை லாச்சியில் இருந்தது. பிறகு ஒரு நாள் காட்டினார். வெள்ளை, படுக்கை விரிப்பு. நீலம், தகப்பனின் வேலை உடுப்பு. சிவப்பு, தெற்கே அவர்கள் அகதியாக இருந்த ஊரில் ஜெர்மன்காரர் விட்டுவிட்டுப் போன கொடி. நடுவிலிருந்த சின்னத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். போர்க் காலத்தில் மே 17 கொண்டாடவே தடை. விடுதலை வந்தது 1945 மே 8, ஒன்பதாவது நாள் மே 17. அந்த நாளில் நோர்வே எப்படி ஆடியது என்று வயதானவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பெஸ்தமூருக்கு அது நினைவில் இல்லை. அன்று தனக்குக் காய்ச்சல் என்றார்.

அம்மாவின் கடிதம் தை மாதம் செஞ்சிலுவை மூலம் வந்தது. "கோழியளத் திறந்து விட்டிட்டு வந்தனாங்கள். உன்ர பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் கவனமாய் இருக்கு." வேறொன்றும் பெரிதாக இல்லை.

அடுத்த மே 17இல் நாங்கள் முழுக்க இறங்கினோம். மகளுக்கு நாலு வயது, நர்சரிப் பிள்ளைகளோடு ஊர்வலம் போக வேண்டும். மனைவி கலியாணச் சேலையை எடுத்துக் கட்டி, அதன் மேல் குளிர் ஜாக்கெட்டும் காலில் பனிச் சப்பாத்தும் போட்டார். ஊர்ப் பெண்கள் கம்பளியில் பூ வேலை செய்த 'புனாத்' என்ற பாரம்பரிய உடையில், வெள்ளி ஊசிகள் கிலுங்க வந்தார்கள். ஒரு புனாத்தின் விலையில் நல்லூரில் ஒரு கலியாணமே நடத்தலாம். பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதற்குள்ளும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அன்றைக்கு எத்தனை கேட்டாலும் மறுப்பில்லை என்பது எழுதாத சட்டம். போதாததற்கு உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றிய சொசேஜ். காணும் எல்லோரும் "நாளோடு வாழ்த்துகள்" என்று கை கொடுப்பார்கள், பிறந்தநாள் வாழ்த்து மாதிரி. யாருடைய பிறந்தநாள் என்று மகள் கேட்டாள்.

நானும் கேட்டேன். இது சுதந்திர தினமே இல்லை என்றார் பெஸ்தமூர். நானூறு வருடத்துக்குக் கிட்ட டென்மார்க்கோடு இருந்துவிட்டு, 1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் 112 பேர் கூடி ஓர் அரசியலமைப்பில் கையெழுத்து வைத்த நாள். அதே ஆண்டிலேயே சுவீடனோடு சேர்க்கப்பட்டு, 1905இல்தான் தனியானார்கள். "அந்த 112 பேரில் வடக்கத்தியார் ஒருத்தரும் இல்லை. கூப்பிட்டுப் போய்ச் சேர நேரம் இல்லையாம்!" என்று சொல்லிவிட்டுக் கொடியைத் தட்டி நேராக்கினார். வடக்கை மறந்துவிட்டு எழுதிய அரசியலமைப்பு. எனக்கு அந்தப் பகிடி உடனே விளங்கியது.

மகள் தன் சின்னக் கடதாசிக் கொடியைத் தடி போல ஊன்றிக்கொண்டு நின்றாள். பெஸ்தமூர் குனிந்து அவள் கையை உயர்த்திவிட்டார். "கொடி நிலத்தில் முட்டக் கூடாது, என் பொன்." எனக்கு எங்கோ விசில் ஊதியது.

எல்லாம் தேனும் பாலும் என்று எழுதினால் பொய். அன்றைய மண்டபத்தில் கேக் மேசைக்குப் பக்கத்தில் ஒருவர், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார்கள். மனைவி அவர்களுக்கு ரோல்ஸ் நீட்டுவார். உறைப்பில் கண் கலங்கி நிற்கும்போது பேச்சு மாறிவிடும்.

2004இல் மகள் ஆறாம் வகுப்பு. ஊர் விழாவை ஆறாம் வகுப்புப் பெற்றோர்தான் நடத்த வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். சாக்கு ஓட்டம், கரண்டியில் உருளைக்கிழங்கு ஓட்டம், குலுக்கல் சீட்டு, கேக் என்று ஆளுக்கொரு வேலை. மனைவிக்கு ரோல்ஸ், இருநூற்றைம்பது. எனக்குப் பள்ளிப் பதாகை. கொடி அல்ல, அதைவிடப் பெரிது: பட்டுத் துணி, கீழே பொன்னிறக் குஞ்சம், மேலே குறுக்குத் தடி, இரு பக்கமும் பிள்ளைகள் பிடிக்க ஒவ்வொரு கயிறு. இடது கயிறு மகளின் கையில்.

வடமுனைக் கடற்காற்று எப்படி என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துறைமுகத் திருப்பத்தில் பதாகை பாய் போல விரிந்து என்னை இரண்டடி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் வந்த பாண்ட் சுருதி தப்பியது. மகள் "அப்பா, அப்பா" என்று கயிற்றில் தொங்கினாள். தடியின் அடியை இடுப்புப் பட்டியில் அழுத்தினேன். வலது கை கண் மட்டத்துக்குத் தானாக வந்தது. காற்று எந்தப் பக்கம் என்று காது சொன்னது. உடம்பை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு, இடம்–வலம், இடம்–வலம். போரில் இறந்தவர்களின் நினைவுக்கல்லுக்கு முன்னால் மலர்வளையம் வைக்கும்வரை பத்து நிமிடம் அப்படியே நின்றேன். குஞ்சம் முழங்கால் உயரத்தில் ஆடியது. ஒரு இழைகூடக் கீழே தொடவில்லை. மேடையில் மாஸ்ரர் இல்லை, புள்ளி போடவும் ஆளில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், மாஸ்ரர், அன்றைக்கு முட்டவில்லை.

இரவு பெஸ்தமூர் வீட்டு முற்றத்தில் நின்றோம். அவருக்குத் தோள் வலி, அந்த வருடம் கயிற்றை என்னிடம் தந்துவிட்டார். மிஞ்சியிருந்த ஆறு ரோல்ஸோடு மனைவி படியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாக இன்னும் நாலு நிமிடம் இருந்தது. விரல் விறைத்துப்போய் நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்.

"இன்னும் இல்லை" என்றார் பெஸ்தமூர், வாயில் ரோலோடு. மகள் கொடியின் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு தயாராக நின்றாள்.