படிக்கொரு அம்மா

குடும்ப செபத்துக்கு உட்கார்ந்தால் எங்கள் மகள் கடிகாரத்தையே பார்க்கிறாள். கொஞ்ச நாளாகவே எனக்கும் கணவருக்கும் இந்தக் கவலை. அந்தக் கவலையோடுதான் அவளை அழைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனோம். பிரெஞ்சு நாட்டுப் புனிதையான குழந்தை தெரேசம்மாள் என்றாலே, அவர் கன்னியாஸ்திரியாக வாழ்ந்த லிசியேவுக்குத்தான் எல்லோரும் போவார்கள். நாங்கள் முதலில் அவர் பிறந்த அலென்சோனுக்குப் போனோம். பாரிஸிலிருந்து லெ மான் வரை ஒரு ரயில், அங்கே மாறி இன்னொன்று.

தெரேசாவின் பெற்றோர் லூயி, செலி மார்ட்டின் குடும்பம் நடத்திய ஊர் அது. 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இருவருக்கும் சேர்த்துப் புனிதர் பட்டம் கொடுத்தார். தம்பதியாகவே புனிதர் பட்டம் பெற்றது அவர்கள்தான் முதல் முறை. லூயி கடிகாரத் தொழில் செய்தவர். செலி லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர், வேலைக்குப் பெண்கள் வைத்து, கணக்குப் பார்த்து, ராத்திரி வெகுநேரம் கண்விழித்தவர். நம்மைப் போல நேரமே இல்லாதவர்கள்தான். அப்படியும் தினமும் விடியற்காலை ஐந்தரை மணிப் பூசைக்கு இருவரும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கெடுகிறதே என்று நண்பர்கள் சொல்லியும் லூயி கடையைத் திறக்கவில்லை.

சேன் பிளேஸ் தெருவில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. 1873 ஜனவரி 2 அன்று தெரேசா பிறந்த அறையை, பக்கத்தில் பிறகு கட்டிய சிற்றாலயத்திலிருந்து பார்க்கலாம். நான் மண்டியிட்டு நெடுநேரம் இருந்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த அறையல்ல, மாடிப்படி.

சாதாரண மரப்படிதான். குழந்தை தெரேசா அதில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று "அம்மா" என்று கூப்பிடுவாளாம். "என்னடா கண்ணு" என்று கீழேயிருந்து பதில் வந்தால்தான் அடுத்த படி. ஒரு தடவை பதில் சொல்ல மறந்தாலும் அங்கேயே நின்றுவிடுவாள், ஏறவும் மாட்டாள், இறங்கவும் மாட்டாள். செலியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைப்பிடியைத் தொட்டபடி அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு நெஞ்சு அடைத்தது. செபத்தின் நடுவில் மகள் ஏதாவது கேட்டால் "பேசாம செபத்தைச் சொல்லு" என்றுதான் இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்திருக்கிறேன்.

அந்த வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளும் சொன்னபடி கேட்டு வளரவில்லை. மூன்றாவது மகள் லெயோனி யாருக்கும் அடங்காதவள். பள்ளியிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவள். மடத்துக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்து, நான்காவது முறை 1899ல்தான் நிலைத்தாள். அதைப் பார்க்கச் செலி உயிரோடு இல்லை. 1877லேயே மார்புப் புற்றுநோயில் போய்விட்டார். பிள்ளைக்காக அழுது செபிக்கும் பெற்றோர் லெயோனியை மறக்கக் கூடாது என்பேன். இப்போது அவளுக்கும் புனிதர் பட்டத்துக்கான பணிகள் நடக்கின்றன.

அப்புறம் நோத்ர தாம் கோவிலுக்கு நடந்தோம். 1858 ஜூலை 13 நள்ளிரவில் அவர்கள் திருமணம் நடந்ததும், தெரேசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்ததைக் கணவர் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் கோவிலுக்குள் வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நாலு பேர் செத்துப் போனதுக்கு அப்புறமும் எப்படிம்மா செபம் சொன்னாங்க? அவங்களுக்குக் கோபம் வரலையா?"

வழக்கம்போல உதட்டில் விரல் வைக்கப் போனேன். வைக்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். இறந்த பிள்ளைகளைப் பெறாமலே இருந்திருக்கலாம் என்று பிறர் சொன்னதைச் செலியால் பொறுக்க முடியவில்லை, மேலே போய் அவர்களைப் பார்ப்போம் என்று நம்பினார் என்றேன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை வயிற்றில் தங்காமல் போனதை முதல்முதலாக அவளிடம் சொன்னேன்.

"எனக்குக் கோபம் வந்துச்சு. ஆறு மாசம் நான் செபமாலையைத் தொடவே இல்லை. அப்பாதான் தினமும் எனக்கும் சேர்த்துச் சொன்னார்."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பாப்பாவுக்குப் பேர் வச்சீங்களா?"

"இல்லடா."

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாள். நாங்கள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது.

அன்று இரவு தங்கும் விடுதி அறையில், கட்டில் ஓரத்தில் மூவரும் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். கடைசியில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டுவது எங்கள் வழக்கம். தாத்தா, பாட்டி, நோயில் கிடக்கும் பெரியப்பா என்று எல்லாம் சொல்லி முடித்து, சிலுவை அடையாளம் போடக் கையை எடுத்தேன்.

"இருங்கம்மா" என்றாள். "நம்ம பாப்பாவும் இருக்குல்ல."